எல்லாம் தெரிந்த கடவுளுக்கு ஆள் விட்டுச் சொல்ல என்ன அவசியம்?

கீழவீதி

கொஞ்ச நாளாகக் கிரேக்கக் கதைகளில் விழுந்து கிடக்கிறேன். ஹெர்மீஸ் வருகிறார், போகிறார், தெய்வங்களின் தலைவர் ஜீயஸ் சொன்னதை யாரிடமோ சொல்கிறார். ஜீயஸ்தான் ஒலிம்பஸ் மலையில் உட்கார்ந்தபடி எல்லாவற்றையும் பார்க்கிறாரே, அப்புறம் ஒரு விஷயத்தைச் சொல்ல மகனை ஏன் ஓடவிட வேண்டும்? பாபிலோன், ஸ்காண்டிநேவியா, ஆப்பிரிக்கா, நம்ம வேதம் என்று எங்கே புரட்டினாலும் இப்படி ஓர் ஓட்டக்காரர் இருக்கிறார். இவர்கள் வெறும் தபால்காரர்கள்தானா, வேறு வேலையும் உண்டா? தெரிந்தவர்கள் கதையோடு சொல்லுங்கள். தத்துவ விளக்கம் மட்டும் வேண்டாம், எனக்கு ஏறாது.

ஏட்டுச்சுரைக்காய்

ஹெர்மீஸைத் தபால்காரர் என்று வைத்துக்கொண்டு, ட்ராய் போரைப் பாடும் ஹோமரின் இலியட்டைத் திறந்தால் குழப்பம்தான் மிஞ்சும். அதில் ஜீயஸின் செய்தியைக் கொண்டுபோவது பெரும்பாலும் ஐரிஸ், வானவில் தேவதை. ஹெர்மீஸ் அந்த வேலையைப் பார்ப்பது ஹோமரின் இன்னொரு காவியமான ஒடிசியில். அங்கே ஐரிஸ் தலைகாட்டுவதே இல்லை.

இலியட்டின் கடைசிப் பகுதியை, அதாவது 24ஆவதை, மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ட்ராய் இளவரசன் ஹெக்டரைக் கொன்ற கிரேக்க வீரன் அக்கிலிஸ், உடலைத் தராமல் தேரில் கட்டி இழுத்துக்கொண்டிருக்கிறான். ஜீயஸ் இதற்கு ஒரு முடிவு கட்ட நினைக்கிறார். ஐரிஸைக் கடலுக்குள் அனுப்பி அக்கிலிஸின் தாய் தீட்டிஸை வரவழைக்கிறார். உடலைக் கொடுத்துவிடு என்ற கட்டளை தாய் வாயால் மகனுக்குப் போகிறது. பிறகு ஐரிஸ் ட்ராய் நகருக்குப் போய், மகன் ஹெக்டரை இழந்து சாணியில் புரண்டுகிடக்கும் கிழ அரசர் ப்ரியாமிடம், பொருளைக் கொடுத்து உடலை மீட்டுவரக் கிளம்பு என்கிறாள். சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லியாகிவிட்டது. ஹெர்மீஸ் அதற்குப் பிறகுதான் வருகிறார். அவர் கையில் ஒரு செய்தியும் கிடையாது!

பொழுது சாய்ந்துவிட்டது. ப்ரியாம் தேரில், கூட வந்த முதிய கட்டியக்காரர் கோவேறு கழுதை வண்டியில். ஆற்றங்கரையில் நிறுத்தி விலங்குகளுக்குத் தண்ணீர் காட்டுகிறார்கள். இருட்டுக்குள் ஓர் ஆள் வருகிறான், மீசை அரும்புகிற வயது. கிழவருக்கு மயிர்க்கூச்செறிகிறது. வந்தவன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, இந்த நேரத்தில் எங்கே ஐயா கிளம்பிவிட்டீர்கள் என்று விசாரிக்கிறான். தான் அக்கிலிஸின் ஏவலாள் என்று கூசாமல் ஒரு பொய். ப்ரியாம் அன்பளிப்பாக ஒரு கிண்ணத்தை நீட்டினால், தலைவனுக்குத் தெரியாமல் வாங்க மாட்டேன் என்று பொய்க்கு ஏற்ற நடிப்பு வேறு. அப்புறம் தேரில் ஏறிக் கடிவாளத்தைத் தானே வாங்கிக்கொள்கிறான். காவலர்களைத் தூங்கவைக்கிறான். மூன்று பேர் சேர்ந்து நீக்க வேண்டிய தாழ்ப்பாளை ஒற்றை ஆளாகத் திறக்கிறான். அக்கிலிஸின் குடில் வாசலில் இறக்கிவிட்ட பிறகுதான், நான் ஹெர்மீஸ், உள்ளே வரமாட்டேன், நீர் போய் அவன் முழங்காலைப் பிடித்துக் கேளும் என்கிறார். விடிவதற்குள் கிழவரை எழுப்பி வெளியே கொண்டுவந்து விடுவதும் அவரே.

என்னைக் கேட்டால் இதுதான் ஹெர்மீஸின் சொந்த வேலை. போக முடியாத இடத்துக்கு ஒருவரைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. இறந்தவர்களைப் பாதாளத்துக்கு அழைத்துப் போவதும் அவர்தான். ஏதென்ஸில் வீட்டு வாசல்களிலும் தெருமுனைகளிலும் அவர் தலையைச் செதுக்கிய கல் தூண்கள் நின்றன. கி.மு. 415இல் சிசிலிப் படையெடுப்புக்குக் கப்பல்கள் கிளம்பவிருந்த சமயம், ஒரே இரவில் யாரோ அவற்றில் பெரும்பாலானவற்றைச் சிதைத்துவிட்டார்கள். நகரமே நடுங்கிப்போனது, விசாரணை, மரண தண்டனை என்று போனது விவகாரம். பயணம் போகிற நேரத்தில் வழிக்கடவுளின் முகத்தை உடைத்தால் வேறென்ன நடக்கும்?

சித்திரக்குள்ளன்

எனக்குப் பிடித்த தூதர் கடவுளே இல்லை, ஓர் அணில். ஸ்காண்டிநேவியக் கதைகளில் இக்ட்ராசில் என்ற உலக மரம் உண்டு. உச்சியில் ஒரு கழுகு, வேரில் நீட்ஹாக் என்ற நாகம். ரட்டாட்டாஸ்க் என்ற அணில் நடுவில் ஏறி இறங்கி, அதைப் பற்றி இதனிடமும் இதைப் பற்றி அதனிடமும் வசவுகளைக் கொண்டுசேர்க்கிறது. இரண்டுக்கும் ஒருநாளும் ஆகாது. 13ஆம் நூற்றாண்டில் ஐஸ்லாந்துக்காரர் ஸ்னோரி எழுதிவைத்ததால் நமக்குக் கிடைத்தது. யார் அனுப்பினார்கள், என்ன சம்பளம், ஒன்றும் கிடையாது. கோள்மூட்டுவதே பிழைப்பு.

களிமண்பலகை

கீழவீதி, உங்கள் கேள்வியில் 'எல்லாம் தெரிந்த' என்ற இடத்தில்தான் சிக்கல். பழைய மெசப்பொத்தேமியாவின் தெய்வங்களுக்கு எல்லாம் தெரியாது, எல்லா இடத்துக்கும் போகவும் முடியாது. ஆளுக்கொரு ஊர், ஆளுக்கொரு ஆட்சி எல்லை. அதனால் பெரிய தெய்வம் ஒவ்வொன்றுக்கும் ஒரு 'சுக்கல்' உண்டு. அமைச்சரும் அவரே, தூதரும் அவரே, வாசலில் நிற்பவரும் அவரே. என்லிலுக்கு நுஸ்கு, என்கிக்கு இசிமுத், இனன்னா என்ற தேவிக்கு நின்ஷுபுர், பாதாள அரசி எரேஷ்கிகலுக்கு நம்தார்.

இசிமுத்தைச் சுலபமாக அடையாளம் காணலாம், முன்னும் பின்னுமாக இரண்டு முகம். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் 'அத்தாவின் முத்திரை' என்று ஒன்று இருக்கிறது. பச்சைக்கல் உருளை, உயரம் நான்கு சென்டிமீட்டர்கூட இல்லை, கி.மு. 2300 வாக்கில் செய்தது. இரண்டு மலைகளுக்கு நடுவே கையில் ரம்பத்தோடு சூரியதேவன் எழுகிறான். பக்கத்தில் தோளிலிருந்து மீன்களோடு நீர் பாய என்கி நிற்கிறார். அவர் முதுகுக்குப் பின்னால், வலது கையைத் தூக்கியபடி இந்த இரட்டை முகத்துக்காரர். எஜமானையும் பார்க்க வேண்டும், வந்து நிற்பவரையும் பார்க்க வேண்டும் அல்லவா?

இவர்கள் எல்லாரிலும் நின்ஷுபுருக்கு ஒரு படி மேலே இடம் கொடுப்பேன். இனன்னா பாதாளத்துக்குப் போகும்போது அவளிடம் ஒரு வேலையை ஒப்படைக்கிறாள். மூன்று நாள் மூன்று இரவு ஆகியும் நான் திரும்பாவிட்டால், எனக்காக ஒப்பாரி வை, கந்தலைக் கட்டிக்கொள், நிப்பூரில் என்லிலிடம் போ, அவர் கைவிட்டால் ஊரில் நன்னாவிடம் போ, அவரும் கைவிட்டால் எரிதுவில் என்கியிடம் போ. (இங்கே 'ஊர்' என்பது சுமேரிய நகரத்தின் பெயர், நம்ம ஊர் இல்லை.) நின்ஷுபுர் ஒன்று விடாமல் செய்கிறாள். முதல் இரண்டு பேரும், அவளாகத்தானே போனாள், பாதாளத்துக்குப் போனவர் அங்கேயே கிடக்க வேண்டியதுதான் என்று கைகழுவிவிடுகிறார்கள். என்கி மட்டும் நகக்கண் அழுக்கிலிருந்து இரண்டு உருவங்களைச் செய்து, உயிர்தரும் செடியும் நீரும் கொடுத்து அனுப்புகிறார். இனன்னா உயிர்த்து மேலே வருகிறாள். ஆனால் பாதாளப் பேய்களும் கூடவே வருகின்றன, உனக்குப் பதில் ஓர் ஆள் கொடு என்று. வாசலில் புழுதியில் விழுந்து கிடக்கும் நின்ஷுபுரைப் பார்த்ததும், இவளைக் கொண்டுபோகிறோம் என்கின்றன. இனன்னா விடவில்லை. நல்ல வார்த்தை சொல்கிறவள், நான் சொன்னதை மறக்காதவள், இவளைத் தரமாட்டேன் என்கிறாள். கடைசியில் மாட்டிக்கொள்வது, துக்கமே இல்லாமல் நல்ல உடை உடுத்தி உட்கார்ந்திருந்த கணவன் துமுசி.

அடுத்து நம்தார் கதை. தெய்வங்கள் விருந்து வைக்கிறார்கள். எரேஷ்கிகலால் மேலே வர முடியாது, இவர்களால் கீழே போக முடியாது. எனவே, உன் பங்கை வாங்கிப்போக ஆள் அனுப்பு என்று அவளுக்குச் சொல்லியனுப்புகிறார்கள். நம்தார் வருகிறார். எல்லா தெய்வங்களும் மரியாதை செய்ய, நெர்கல் மட்டும் எழுந்திருக்கவில்லை. அவ்வளவுதான். என் தூதர் முன்னால் எழாதவனை இங்கே அனுப்பு, கொல்கிறேன் என்று எரேஷ்கிகல் கிளம்பிவிடுகிறாள். (கொல்லவில்லை. கல்யாணத்தில் முடிகிறது. அது தனிக்கதை.)

இந்தக் கதை எழுதிய பலகை ஒன்று எங்கே கிடைத்தது தெரியுமா? எகிப்தில், அமர்னாவில். கி.மு. 14ஆம் நூற்றாண்டு. அரசர்கள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்ட களிமண் கடிதங்கள் குவியலாகக் கிடைத்த அதே இடம். அந்தக் கடிதங்களில் பாதிச் சண்டை தூதர்களைப் பற்றித்தான். பாபிலோன் அரசன் கடாஷ்மன் என்லில் பாரோவுக்கு, என் தூதனை ஆறு வருஷம் பிடித்து வைத்துக்கொண்டாய் என்று எழுதுகிறான். அசீரிய அரசன் அஷூர் உபல்லித், தூதர்களை வெயிலில் நிற்கவைத்துச் சாகடிப்பானேன் என்று கேட்கிறான். தூதனை எப்படி நடத்துகிறாயோ அப்படித்தான் அனுப்பியவனை நடத்துகிறாய் என்பது அந்தக் காலத்து அரசியல். நெர்கல் எழுந்திருக்காதது ஏன் அவ்வளவு பெரிய குற்றம் என்று அப்போது இந்தக் கதையைக் கேட்டவர்களுக்கு யாரும் விளக்கிச் சொல்லியிருக்கத் தேவையில்லை.

கீழவீதி

அருமை. ஒரு சந்தேகம். இலியட்டில் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்கிறார்களே, அது மட்டும் தாங்கவில்லை. ஜீயஸ் பத்து வரி சொன்னால், தூதர் அதே பத்து வரியை இன்னொருவரிடம் போய் ஒப்பிக்கிறார். இதற்குக் காரணம் உண்டா, இல்லை பாடுகிறவர் மூச்சு வாங்கிக்கொள்கிற இடமா?

ஏட்டுச்சுரைக்காய்

மூச்சு வாங்கவும் உதவியிருக்கும், வாய்மொழிப் பாட்டு அல்லவா. ஆனால் அதை வைத்தே கதையும் நகர்கிறது. இலியட்டின் இரண்டாம் பகுதியில் ஜீயஸ் ஒரு பொய்க் கனவைத் தூதாக அனுப்புகிறார். ட்ராய் இப்போதே உன் கையில் விழும், படையைத் திரட்டு என்று. கனவு கிரேக்கப் படைத்தலைவன் அகமெம்னானிடம் ஒப்பிக்கிறது. அகமெம்னான் எழுந்து மற்ற தலைவர்களிடம் ஒப்பிக்கிறான். வார்த்தை பிசகவே இல்லை, அத்தனையும் பொய். தூதர் நேர்மையானவர் என்பதால் செய்தி உண்மையாகிவிடாது.

15ஆம் பகுதியில் இதற்கு நேர்மாறான இடம். ஜீயஸுக்குத் தெரியாமல் போஸைடன் போரில் இறங்கிவிட்டார். உடனே விலகு, இல்லாவிட்டால் நானே வருவேன், நான் உன்னைவிட மூத்தவன், பலசாலி என்று ஐரிஸ் மூலம் மிரட்டல் போகிறது. போஸைடன் குதிக்கிறார். நாங்கள் மூன்று சகோதரர்கள், சீட்டுப் போட்டுத்தான் உலகத்தைப் பிரித்துக்கொண்டோம், எனக்குக் கடல், அவருக்கு வானம், மிரட்டுவதை அவர் பெற்ற பிள்ளைகளிடம் வைத்துக்கொள்ளட்டும். நியாயமான பேச்சுதான். இங்கே ஐரிஸ் என்ன செய்கிறாள்? இந்தக் கடுமையான பதிலை அப்படியே கொண்டுபோகவா, கொஞ்சம் மாற்றிக்கொள்கிறீர்களா என்று கேட்கிறாள். மூத்தவர் பக்கம்தான் பழிதீர்க்கும் தேவதைகள் நிற்பார்கள் என்று ஒரு குறிப்பும் கொடுக்கிறாள். தூது வந்தவளுக்கு இடம் பொருள் தெரிந்திருப்பது நல்லதுதான் என்று போஸைடன் இறங்கிவருகிறார். ஒரு குடும்பச் சண்டை அங்கேயே நின்றுபோகிறது.

இன்னொன்றையும் பாருங்கள். 18ஆம் பகுதியில் அதே ஐரிஸ், ஜீயஸுக்குத் தெரியாமல் அவர் மனைவி ஹீரா அனுப்பி அக்கிலிஸிடம் வருகிறாள். யார் அனுப்பியது என்று அக்கிலிஸ் கேட்கிறான், அவளும் மறைக்கவில்லை. இந்த அம்மாள் யாருடைய ஆள் என்று இப்போது சொல்லுங்கள் பார்ப்போம்.

புன்னைமரம்

கூறியதைக் கூறுவது, தானாக வகுத்துக் கூறுவது என்ற இந்தப் பிரிவினை பரிமேலழகரிடமே இருக்கிறது. குறளின் 69ஆம் அதிகாரம் தூது. அதன் முன்னுரையில் தூதர் இருவகை என்கிறார்: தான் வகுத்துக் கூறுவான், கூறியது கூறுவான். முன்னவர் தலை, பின்னவர் இடை, ஓலையைக் கொடுத்துவிட்டு நிற்பவர் கடை என்று வடநூலார் சொல்வதையும் சேர்க்கிறார். அவர் பேசுவது அரசத் தூதரைப் பற்றி. ஆனால் போஸைடன் முன்னால் நின்ற ஐரிஸை 'தலை' வரிசையில் தாராளமாக உட்காரவைக்கலாம்.

வேதத்திலிருந்து இரண்டு சொல்கிறேன். அக்னி தூதன் என்பது எல்லாருக்கும் தெரியும், மனிதர் கொடுக்கும் அவியைத் தேவர்களிடம் சேர்ப்பவன். மேலேயிருந்து கட்டளை இறங்கி வருவதுபோல் இல்லாமல், இங்கே தூது கீழேயிருந்து மேலே போகிறது. இரண்டாவது சரமா, இந்திரனின் பெண்நாய். ரிக் வேதம் பத்தாம் மண்டலம், 108ஆம் சூக்தம் முழுக்க உரையாடல். பசுக்களை மறைத்து வைத்திருக்கும் 'பணிகள்' என்ற கூட்டத்தாரிடம், ரசா என்ற நதியைக் கடந்து தன்னந்தனியாகப் போய் நிற்கிறாள். அவர்கள் முதலில் கேலி செய்கிறார்கள், பிறகு குழைகிறார்கள். நீ எங்கள் சகோதரியாக இங்கேயே இரு, பசுக்களில் உனக்கும் பங்கு தருகிறோம் என்கிறார்கள். எனக்குச் சகோதர உறவும் தெரியாது, சகோதரி உறவும் தெரியாது என்று ஒரே போடாகப் போடுகிறாள். ப்ரியாம் நீட்டிய கிண்ணத்தை ஹெர்மீஸ் மறுத்தது நடிப்பு. இது நடிப்பில்லை.

கடைசியாக ஒன்று, இதுவரை வந்ததையெல்லாம் தலைகீழாக்குவது. பெரிய புராணத்தில் மனிதன் அனுப்ப, கடவுள் தூது போகிறார். சங்கிலியாரை மணந்துவிட்டுத் திருவாரூர் திரும்பிய சுந்தரரைப் பரவையார் வீட்டுக்குள் சேர்க்கவில்லை. சுந்தரர் சிவபெருமானைத் தூது அனுப்புகிறார். நள்ளிரவில் அர்ச்சகர் வேடத்தில் போன சிவனை, முடியாது என்று பரவையார் திருப்பி அனுப்பிவிடுகிறார். சுந்தரர் விடுவாரா, மறுபடி போங்கள் என்கிறார். இரண்டாம் முறை சொந்த உருவத்தில் போனபிறகுதான் கதவு திறக்கிறது. இதைக் கேள்விப்பட்டு ஏயர்கோன் கலிக்காமர் என்ற இன்னோர் அடியார், கடவுளையா பெண் வாசலுக்கு நடக்கவைத்தான் என்று கொதித்துப்போனார். தமக்கு வந்த சூலைநோய் சுந்தரர் வந்துதான் தீரும் என்றதும், அதற்குச் சாவதே மேல் என்று வயிற்றைக் கிழித்துக்கொண்டவர் அவர். அடியாருக்கு எளியவன் என்று நாம் உருகிப் படிக்கிற அதே இடத்தில் ஒருவருக்கு வயிறு எரிந்திருக்கிறது, அதையும் சேக்கிழார் மறைக்காமல் வைத்திருக்கிறார். எனக்கு அதுதான் பிடிக்கும்.

சந்தேகப்பிராணி

எல்லாம் சுவையாகத்தான் இருக்கிறது, ஆனால் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள். அக்னி தீ, சரமா நாய், நின்ஷுபுர் அமைச்சர், அது அணில். 'தூதுக் கடவுள்' என்று ஒரு பெட்டி செய்து எல்லாரையும் உள்ளே தள்ளுவது ரோமானியர் பழக்கம். 'கால்' (Gaul, இன்றைய பிரான்ஸ் பக்கம்) நாட்டுக்காரர்கள் அதிகம் வணங்குவது மெர்குரியை, அதாவது ரோமானியரின் ஹெர்மீஸை, என்று சீசர் எழுதினார். ஜெர்மானியரைப் பற்றி டாசிடஸும் அதையேதான் எழுதினார். அந்த ஜெர்மானிய 'மெர்குரி', ஸ்காண்டிநேவியக் கதைகளின் தலைமைத் தெய்வமான ஓடின் என்பது பொதுவான கருத்து. புதன்கிழமை அங்கே ஓடின் பெயரில் இருப்பதும் இந்தக் கணக்கில்தான். ஆனால் ஓடின் யாருக்குத் தூது போனார்? அவருக்குத்தான் இரண்டு காக்கைகள் உலகம் சுற்றிச் செய்தி கொண்டுவருகின்றன. அவருடைய மகன் பால்டர் செத்தபோது பாதாளத்துக்குப் போனதும் அவர் இல்லை. ஹெர்மாட் என்ற இன்னொருவன்தான், ஓடினின் எட்டுக்கால் குதிரையில் ஒன்பது இரவு ஓட்டிப்போய், பாதாளக் கதவைத் தாண்டிக் குதித்து, பாதாள அரசி ஹெல்லிடம் பால்டரை விடும்படி கெஞ்சினான். உலகத்தில் எல்லாமும் அழுதால் விடுகிறேன் என்றாள். ஒரே ஒரு கிழவி அழமாட்டேன் என்றுவிட்டாள், பால்டர் திரும்பவில்லை. ஒற்றுமை தேடுகிறவர்கள் வேற்றுமையையும் எழுதுங்கள்.

கடலோடி

சந்தேகப்பிராணி சொன்னதற்கு நல்ல சாட்சி யொரூபா மக்களின் எஷு. மேற்கு ஆப்பிரிக்கா, இன்றைய நைஜீரியா, பெனின் பக்கம். மேலோட்டமாகப் பார்த்தால் ஹெர்மீஸின் தம்பி மாதிரி: நாற்சந்தி, சந்தை, குறும்பு, தூது. ஆனால் எஷு இல்லாமல் வழிபாடே ஓடாது. எந்தத் தெய்வத்துக்குப் பலி கொடுத்தாலும் எஷுவின் பங்கை எடுத்துவைக்க வேண்டும், இல்லையென்றால் அது போய்ச் சேராது. இஃபா குறி பார்க்கும் மரத்தட்டின் விளிம்பில் அவர் முகத்தைச் செதுக்கியிருப்பார்கள், குறி சொல்பவரை நேருக்கு நேர் பார்க்கிற மாதிரி.

அவரைப் பற்றிப் பரவலாகச் சொல்லும் கதை இது. பக்கத்துப் பக்கத்து வயலில் உழும் இரண்டு நண்பர்கள். எஷு ஒரு பக்கம் ஒரு நிறம், மறுபக்கம் வேறு நிறமான குல்லாயோடு நடுவரப்பில் நடந்துபோகிறார். போனவர் குல்லாய் சிவப்பு என்கிறான் ஒருவன், கறுப்பு என்கிறான் மற்றவன். கைகலப்பு ஆகிவிடுகிறது. எஷு திரும்பிவந்து, இரண்டு பேர் சொன்னதும் சரி என்கிறார். கதை சொல்பவருக்குச் சொல்பவர் நிறம் மாறும், சண்டை மாறாது.

கிறிஸ்தவ மிஷனரிகள் இவரைச் சாத்தான் ஆக்கிவிட்டார்கள். நன்மை தீமை இரண்டுக்கும் வழிவிடுகிறவரை வைக்க அவர்களிடம் வேறு இடம் இல்லை. அடிமைக் கப்பல்களோடு அவர் பிரேசிலுக்கும் கியூபாவுக்கும் போனார். பிரேசிலின் கண்டோம்பிளே சடங்கில் இன்றும் முதல் படையல் அவருக்கே.

கீழவீதி

அப்போ என் கேள்விக்கு ஏறக்குறைய இப்படிப் பதில் வருகிறது: அனுப்புகிறவருக்குப் போக முடியாது, இல்லை போனால் சண்டை வரும், அதனால் ஆள். சரி. கடைசியாக ஒன்று, தூது போய்க் காரியத்தைக் கெடுத்த கதை ஏதாவது உண்டா? அணிலைத் தவிர.

சித்திரக்குள்ளன்

ஸ்கிர்னிர். ஃப்ரேய் என்ற தெய்வம் கெர்ட் என்ற ராட்சதப் பெண்மேல் ஆசைப்பட்டு இந்த ஏவலாளை அனுப்புகிறது. கூலியாக வாங்கிக்கொண்டது தானாகச் சண்டை போடும் வாள். பொன் ஆப்பிள், மோதிரம் என்று காட்டிப் பார்த்து, அவள் மசியாததால் சாபம் விட்டு மிரட்டிச் சம்மதிக்கவைத்தான். கல்யாணம் நடந்தது என்னவோ உண்மை. ஆனால் உலகம் முடிகிற போரில் ஃப்ரேய் வாளில்லாமல் நின்று சாவார் என்று ஸ்னோரி எழுதிவைத்திருக்கிறார். தூதுக்கூலி கொஞ்சம் அதிகம்!

களிமண்பலகை

இன்றைய துருக்கிப் பகுதியில் வாழ்ந்த பழைய ஹிட்டைட் மக்களின் தேனீ கதையும் உண்டு. தெலிபினு என்ற தெய்வம் கோபித்துக்கொண்டு காணாமல்போகிறது. பயிர் காய்கிறது, ஆடு மாடு சினைபிடிப்பதில்லை, தெய்வங்கள் தின்றும் பசி அடங்கவில்லை. தேடப்போன கழுகு வெறுங்கையோடு திரும்புகிறது. ஹன்னஹன்னா என்ற மூதாட்டித் தெய்வம் தேனீயை அனுப்புகிறாள். இத்தனூண்டு சிறகை வைத்துக்கொண்டு இது கண்டுபிடிக்குமா என்று புயல் தெய்வம் நக்கலடிக்க, தேனீ கண்டுபிடித்தேவிடுகிறது. தெலிபினு தூங்கிக்கொண்டிருக்கிறார். சொல்லிவிட்டபடியே கையிலும் காலிலும் கொட்டி எழுப்புகிறது. எழுந்தவருக்குக் கோபம் இரட்டிப்பாகி, இருந்த கொஞ்சநஞ்சத்தையும் அழிக்க ஆரம்பிக்கிறார். கடைசியில் கம்ருசெபா என்ற மந்திரத் தெய்வம் பெரிய சடங்கு செய்து அந்தக் கோபத்தை இறக்கி, பாதாளத்தில் மூடிபோட்ட வெண்கலப் பானைகளுக்குள் அனுப்பவேண்டியிருந்தது. தேனீயைக் குறைசொல்ல முடியாது, அனுப்பியவர் கொட்டச் சொன்னார், கொட்டியது.